கூடாத சந்தை

எங்கப்பா செத்து மூணு சந்தை ஆவுது. மூணு வாரம்னு எழுதலாம். ஆனா அப்பா வாரத்த எண்ணினதே இல்ல. கல்வராயன் மலையில எங்க வூட்டுல காலண்டர் கெடையாது. அடிவாரத்துல வாரத்துக்கு ஒருநாள் சந்தை கூடும். கடுக்காயும் சாமையும் தூக்கிக்கினு எறங்குவாரு. அதான் அவரு கணக்கு. "மாடு கன்னு போட்டு ரெண்டு சந்தை ஆச்சு"ன்னுதான் சொல்வாரு.

நான் கள்ளக்குறிச்சியில ஆஸ்டல்ல தங்கி ஏழாவது படிச்சிக்கினு இருந்தேன். காலாண்டு லீவுக்கு முன்னாடியே அப்பா வந்து சொல்லிட்டுப் போனாரு: "சந்தை முடிஞ்ச மறுநாள் வந்து கூட்டிக்கினு போறேன் பாப்பா." பெரியவங்க யாராச்சும் வந்து நோட்டுல கையெழுத்துப் போட்டாத்தான் ஆஸ்டல்ல வெளிய உடுவாங்க.

அந்த வாரந்தான் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். மரத்தையெல்லாம் வெட்டி ரோட்டுக்குக் குறுக்கால போட்டுட்டாங்க. பஸ்ஸு ஓடல. மத்த பொண்ணுங்களோட அப்பாங்க சைக்கிள்ல வந்தாங்க, மரம் வர்ற எடத்துல சைக்கிளத் தோள்ல தூக்கிக்கினு. நான் ட்ரங்கு பொட்டி மேல குந்திக்கினு வாசல் கேட்டப் பாத்துக்கினே இருந்தேன். சொன்ன நாள் வரல. மறுநாளும் வரல.

"ரோடு தொறந்தா வருவாரு"ன்னாங்க வார்டன் டீச்சர். மலைப் பாதையில நடந்தே வர்ற மனுசனுக்கு ரோடு இன்னா? ஒடம்புக்கு இன்னா ஆச்சோன்னு எனக்கு அழுகையா வந்துச்சு.

சோறு போடறப்ப சமையக்கார அக்கா, "கத்திரிக்கா கூட இல்லடி, எங்கியும் சந்தையே கூடலியாம்"ன்னாங்க. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

"அக்கா, அப்ப எங்கப்பா வரமாட்டாரு."

"ஏன்டி?"

"சந்தை கூடல இல்ல? அவருக்கு இன்னும் மறுநாள் வரல."

அக்கா சிரிச்சிட்டாங்க. அப்புறம் என் மொகத்தப் பாத்துட்டு நிறுத்திட்டாங்க. அவங்க ஊரு அடிவாரந்தான். நேரா டீச்சர்கிட்டப் போனாங்க.

"நான் கூட்டிக்கினு போறேன்."

"வழியில ஏதாச்சும் ஒண்ணு ஆனா உன் வேலையே பூடும்."

"போனாப் போவட்டும் டீச்சர். நோட்டக் குடுங்க."

கைநாட்டு வச்சாங்க.

காலையிலயே கெளம்பி நடந்தோம். ஒரு எடத்துல பெரிய புளியமரம் கெடக்குது. அதும்மேல பத்துப் பதினஞ்சு பேரு குந்திக்கினு இருக்காங்க. நான் அக்கா முந்தானையப் புடிச்சிக்கினேன்.

"எங்க போறம்மா?"

"பொண்ணுக்கு லீவு. மலைக்குப் போவணும்."

"நாங்க ரோட்டுல கெடக்கறோம், ஒனக்கு லீவா?"ன்னு ஒருத்தரு சிரிச்சாரு. எறங்கி வந்து என் பொட்டியத் தூக்கி அந்தப் பக்கம் வச்சாரு. "இன்னா கனம்! கல்லு படிக்கிறியா?" சொம்புல தண்ணியும் குடுத்தாரு. அவரு மொகம் இன்னிக்கும் ஞாபகம் இருக்குது.

சந்தை மைதானத்துல ஈ காக்கா இல்ல. புங்கமரத்தடியில ஒரே ஒரு ஆளு, கடுக்கா மூட்டையோட. எங்கப்பா. மூணு நாளா அங்கியே குந்திக்கினு இருக்காரு, சந்தை கூடட்டும்னு.

"அதுக்குள்ள வந்துட்டியா பாப்பா?"ன்னு கேட்டாரு. நான் திட்டலாம்னுதான் வாயத் தொறந்தேன். அழுதுட்டேன்.

அப்பா எழுந்து அக்கா கையப் பாத்தாரு. கட்டவெரல்ல மை இன்னும் போவல. அவரும் கைநாட்டுதான். "இது நான் வெக்க வேண்டியதும்மா"ன்னாரு. எனக்குன்னு கொண்டாந்திருந்த தேன் புட்டிய அவங்க கையில குடுத்தாரு. அக்கா பாதிய ஊத்திக்கினு மீதிய எங்கிட்டயே குடுத்தாங்க.

எட்டாவதோட நான் நின்னுட்டேன். இத்தினி வருசம் கழிச்சு, போன சந்தையில அந்தச் சமையக்கார அக்காவப் பாத்து அப்பா செத்ததச் சொன்னேன். கத்திரிக்காப் பையக் கீழ வச்சிட்டு, என்னை அந்தப் புங்கமரத்தடிக்குக் கூட்டிக்கினு போய்ப் பக்கத்துல குந்திக்கினாங்க. சந்தை கலையற வரைக்கும் எழுந்திருக்கல.