எழுபத்தாறு வயதில் வாக்குக் கேட்டவர்

செய்தி வந்தபோது ஹேவாஹெட்டக் கடைவீதியில் என் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். "மொதலாளி, அம்மா காலையில கண்டி ஆஸ்பத்திரியில தவறிட்டாங்க" என்று தொலைபேசியில் சொன்னார் மாரியாயி அம்மாவின் மகன் செல்வம். எங்கள் பிரதேச சபையின் முன்னாள் உறுப்பினர் மாரியாயி அம்மா இனி இல்லை. எண்பதைத் தாண்டியவரின் சாவுக்கு யாரும் திகைப்பதில்லை. நான் திகைத்துத்தான் போனேன். அவரும் ஒருநாள் சாகக்கூடியவர் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தின் மேல் டிவிசனில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் குடியிருந்தார். அப்போது அங்கே வாகனம் போகாது. தார் ரோடு மலை வளைவுகளில் மூன்றாம் முடக்கோடு நின்றுவிடும்; அதற்கு மேல் ஒற்றையடிப் பாதைதான். நோயாளியைக் கதிரையில் உட்கார வைத்துக் கட்டி முடக்கு வரை தூக்கி வருவார்கள். கண்டியிலிருந்து வரும் பிரேதத்தை அதே முடக்கில் இறக்கி மேலே தூக்கிப் போவார்கள். அம்மாவின் கணவரையும் நெஞ்சுவலி வந்தபோது அப்படித்தான் கொண்டுவந்தார்கள். முடக்கில் கதிரையை இறக்கி வைத்தபோது அவருக்கு உயிர் இல்லை.

அந்த வட்டாரத்தின் உறுப்பினராக இருந்தவன் நான். அறுபத்தைந்து வயதில், முழங்கால் ஒத்துழைக்கவில்லை, இனி இளைஞர்கள் வரட்டும் என்று பெரிய மனது பண்ணி ஒதுங்கிக்கொண்டேன். கொஞ்ச நாளில் என்னைவிடப் பதினொரு வயது மூத்த மாரியாயி அம்மா கடைக்கு வந்தார்.

"மொதலாளி, ஒங்க எடத்துக்கு நான் எலக்சன் கேக்கலாம்னு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்கும்மா இந்த வேல?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு ஓட்டு வந்தப்பவே தல நரச்சிருச்சு மொதலாளி. எளசா இருக்கையில இந்த நாட்டுக்காரியே இல்லன்னாங்க. இப்ப கெழவின்றீங்க. அப்ப நான் எந்த வயசுலதான் கேக்குறது?"

தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தைப் பற்றி எத்தனையோ மேடைகளில் முழங்கியவன் நான். அவருக்காக வேலை செய்வதாக அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

வேட்பாளரின் வயதைப் பார்க்கவே கூடாது என்று நான் வாதாடமாட்டேன். சபைக்கு அலைய உடம்பில் தெம்பு வேண்டும். அதைக் கேட்க மக்களுக்கு உரிமையும் உண்டு. அம்மாவை எதிர்த்து நின்றவர் இருபத்தெட்டு வயதுப் பட்டதாரி. தங்கமான பிள்ளை, குறை சொல்ல எதுவுமில்லை. "நாலு வருசம் தாங்குமா?" என்பதுதான் அவருடைய ஆட்களின் ஒரே பிரசாரம்.

அம்மா தன் வயதை ஒளிக்கவே இல்லை. நோட்டீசில் பழைய படம் ஒன்றைப் போடலாமே என்றேன். "அதப் பாத்து ஓட்டப் போட்டுட்டு நேர்ல பாத்து ஏமாந்துருவாங்க" என்று மறுத்துவிட்டார். மலை ஏறும்போது மூச்சு வாங்கினால், வாங்குகிறது என்று சொல்லி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையோ, கொழுந்து நிறுக்கும் மடுவமோ, யார் வீட்டு வாசலோ, எதுவானாலும் சரி. நாலு பேர் பக்கத்தில் வந்து உட்காருவார்கள், பேச்சு வளரும். இளையவர் கைகூப்பிக்கொண்டே வேகமாகக் கடந்துபோன வாசல்களில் எல்லாம் அம்மா தேத்தண்ணீர் குடித்திருந்தார். பாதி வாக்குகள் அந்த இளைப்பாறலில் விழுந்தவை என்பது என் கணிப்பு. முழங்காலைச் சாக்காகச் சொல்லி ஒதுங்கிய நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் முடக்கில் நடந்த கூட்டத்தில், எதிர்த்தரப்புக்காக ஆட்டோ ஓட்டிய சுரேஷ் எழுந்தார்.

"பாட்டி, ஒங்களுக்கு ஓட்டப் போட்டா அடுத்த வருசம் நாங்கதானே இங்கருந்து தூக்கணும்?"

நான் பதில் கொடுக்க எழப் போனேன். அம்மா நிதானமாகச் சொன்னார்: "நீ ஏன்டா தூக்குற? ஓட்டப் போடு. ரோட்டப் போட்டுட்டு நான் வண்டியிலயே போயிக்கிறேன்."

கூட்டமே சிரித்தது, சுரேஷும் சிரித்தார். அம்மா மட்டும் கணவரின் கதிரை இறங்கிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாவை அவர் ஒரு மேடையிலும் சொல்லி வாக்குக் கேட்டதில்லை.

வென்றார். சபையில் அவருக்கு இருந்தது சந்தைச் சிங்களம் மட்டும்தான். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து மேல் டிவிசன் பாதையைக் கேட்பார். பதில் வரும் வரை உட்காரமாட்டார். வயதுக்கு மரியாதை தந்து தவிசாளர் ஒருமுறை, "அம்மே, வாடி வென்ன" என்று உட்காரச் சொன்னார். "பார ஹதலா வாடி வென்னம், மஹத்தயா" என்றார் அம்மா. பாதையைப் போட்டபிறகு உட்காருகிறேன் ஐயா என்று அர்த்தம். பார்வையாளர் வரிசையில் இருந்த நான் கைதட்டிவிட்டேன். பதவிக்காலம் முடியுமுன்பே கொங்கிரீட் பாதை மேல் டிவிசனை எட்டிவிட்டது.

நேற்று கண்டியிலிருந்து அவரைக் கொண்டுவந்தோம். மூன்றாம் முடக்கில் நாற்பது, ஐம்பது ஆண்கள் தோளில் துண்டோடு காத்து நின்றார்கள். மூங்கில்கூட வெட்டி வைத்திருந்தார்கள். காலங்காலமாகப் பிரேதம் இறங்கும் இடம் அதுதானே; பாதை வந்தபின் வெளியிலிருந்து வரும் முதல் பிரேதமும் இதுதான். சாரதியும் வண்டியை நிறுத்திவிட்டார். பின் கதவில் கை வைக்கும் வரை, எதிரே புதுப் பாதை ஏறிப்போவது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுரேஷ் முன்னால் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"யாரும் தூக்காதீங்க. பாட்டி வண்டியிலயே போயிக்கிறேன்னு என்கிட்ட சொல்லிருக்காங்க."

மூங்கில்களை ஓரமாகப் போட்டார்கள். வண்டி மெதுவாக முடக்கைத் தாண்டி ஏறியது. தூக்க வந்தவர்கள் வெறுங்கையோடு பின்னால் நடந்தார்கள். முழங்கால் வலியை மறந்து நானும் நடந்தேன். வழியில் எந்த இடத்திலும் வண்டி இளைப்பாறவில்லை.

ரோடு நன்றாக இருக்கிறது, அம்மா. நிம்மதியாகப் போய்ச் சேருங்கள்.