கடைசிப் பக்கங்கள் உதிர்ந்த நாவல்

கோப்பி சிந்திக் காய்ந்த பழைய காகிதத்துக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் புளிப்பு. எங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட்டில் அந்த வாசனை அலமாரியின் மேல் தட்டிலிருந்து வரும். சனிக்கிழமைகளில் அப்பாவின் சட்டையிலிருந்தும் வரும். எனக்குப் பன்னிரண்டு வயதான அந்தத் தவக்காலத்தில்தான் அம்மாவுக்கு அதன் மேல் சந்தேகம் விழுந்தது.

அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தா, எங்கள் பேச்சில் "கிராணி". சத்தம் போட்டுப் பேசாத மனுஷன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், ஒவ்வொரு வருஷமும் குடும்பமாக மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது எங்கள் வழக்கம். வரிசையில் அம்மா முதலில், பிறகு நான், கடைசியில் அப்பா. அந்த வருஷம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "நான் வரல. நான் செஞ்சதுக்கு நான்தான் பதில் சொல்லணும். முட்டி போட்டுச் சொல்லிட்டா தீர்ந்துபோயிடுமா?"

கடவுளும் அரசாங்கமும் கேட்காவிட்டாலும் மனுஷன் தனக்குத் தானே பதில் சொல்லியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பழைய நாவல்களையும், ஊரே ஊரை வேவு பார்க்கும் எதிர்காலக் கதைகளையும் அவர் அப்போது விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தார் என்பது இன்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? பாவத்தைச் சொல்ல மாட்டேன் என்பவனிடம் சொல்ல முடியாத பாவம் இருக்கிறது. அவள் கணக்கு அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை, காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு அப்பா கிளம்பினார். அம்மா என் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினாள். "பின்னாலயே போ, ரீத்தா. கண்ணால பாத்தத மட்டும் வந்து சொல்லு. சும்மா கத கட்டாத, லா."

அப்பா போனது "பாசாரு" என்ற சந்தைக்குப் பக்கத்திலிருந்த சீனர் கோப்பிக்கடைக்கு. கடைசி மேசையில், நரைத்த தலையைக் கொண்டை போட்டிருந்த ஓர் அம்மா முன்பே உட்கார்ந்திருந்தார். அப்பா பொட்டலத்தைப் பிரித்து ஒரு புத்தகத்தைக் கொடுத்தார், அவர் வேறொன்றைக் கொடுத்தார். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவராகத் தலை குனிந்து படிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பேச்சு கிடையாது. மீன் கூடைகளுக்குப் பின்னால் கால் கடுக்க நின்ற எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்கு எட்டாத தட்டில் புத்தகத்தை வைப்பவர் யாரோ ஒருவரோடு உட்கார்ந்து படிக்கிறாரே என்ற பொறாமையும்தான். அதை மறைப்பானேன்?

வீட்டுக்கு வந்து, "ஒரு பொம்பளகூட உக்காந்திருந்தாரு" என்றேன். அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. அவ்வளவு கவனமாக அவள் அதுவரை என்னைப் பார்த்ததில்லை. மேலே சொல்ல இருந்தது எனக்குள்ளேயே நின்றுவிட்டது.

அப்பா வந்ததும் சண்டை. "அவங்க ரிட்டயர் ஆன டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரவங்க. புக் மாத்திக்குவோம், உக்காந்து படிப்போம், அவ்வளவுதான்" என்றார். அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. அங்க ரெண்டு பேர் கையிலயும் புக் இருந்துச்சா?"

இருந்தது என்றால், முதலில் ஏன் சொல்லவில்லை என்று அடி விழும். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போனதும் அம்மா டீச்சர் கொடுத்த புத்தகத்தை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து உதறினாள், காதல் கடிதம் விழும் என்று. விழுந்தது பசை விட்டுப்போன கடைசிப் பக்கங்கள். அள்ளிக்கொண்டு போனவள், "குப்பையில போட்டாச்சு" என்றாள்.

அட்டையும் இல்லாத, முடிவும் இல்லாத அந்த நாவலைப் பள்ளிக்கூடம் விட்டு வந்த மதியங்களில் நாற்காலி போட்டு எடுத்துத் திருட்டுத்தனமாகப் படித்தேன். வரப்போகும் ஏதோ ஒரு காலத்தில் பெயரில்லாத ஓர் ஊர். வாரா வாரம் ஒவ்வொரு வீட்டாரும் எதிர்வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பொய் எழுதினால் தண்டனை என்பதால் எல்லாரும் உண்மையைத்தான் எழுதுகிறார்கள், பாதியை மட்டும். அந்தப் பாதிகளைப் படித்துவிட்டு யாரோ வந்து ஆட்களைக் கூட்டிப்போகிறார்கள். சீட்டுகளைப் பிரித்து அடுக்கும் கிராணி ஒரு வாரம் எதுவும் எழுதாமல் வெறும் சீட்டைப் போடுகிறான். மறுநாள் அது அவன் மேசைக்கே திரும்பி வருகிறது, ஏதாவது எழுது என்று. அதற்கு மேல் பக்கம் இல்லை.

அதன் பிறகு எங்கள் ஃபிளாட்டு நடையில் நான் நிம்மதியாக நடக்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அசைந்தால் அவர்கள் என்னைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று பயந்தேன். நான் எழுதிப் போட்ட சீட்டு எது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பாவசங்கீர்த்தனத்துக்கு முட்டி போட்டபோது முதலில் வாயில் வந்தது, "எங்கப்பா ஒரு பொம்பளகூட…" என்பதுதான்.

சாமியார் நிறுத்தினார். "அது அவரோட விஷயம், மா. உன்னோடத சொல்லு."

டின் பாலைத் திருடிக் குடித்தேன் என்று சொல்லி எழுந்து வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அப்பா புத்தகத்தைத் திருப்பித் தரக் கிளம்பினார். பொட்டலம் கட்டும்போது கடைசிப் பக்கங்கள் உதிர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், சணலை இறுக்கி முடிந்தார். அரை மணியில் வெறுங்கையோடு வந்துவிட்டார். அதற்குப் பிறகு போகவே இல்லை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் அம்மாவுக்குப் பின்னால் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றார். அம்மா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது.

இன்று கல்லூரியில் இந்த மாதிரி நாவல்களைத்தான் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் அரசாங்கம், அதிகாரம் என்று பேசுவார்கள். எனக்கோ அம்மாவும் அப்பாவும் பார்த்துக்கொண்டிருக்க, "தெரியல" என்ற ஒரு பிள்ளையின் குரல்தான் கேட்கும். கோப்பிக்கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். டீச்சர் எப்போது போய்ச் சேர்ந்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. எங்கள் ஃபிளாட்டு நடையில் கேமரா மாட்டிவிட்டார்கள். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று கைப்பேசிக் குழுவில் படத்தோடு வந்துவிடுகிறது, சீட்டு எழுதும் சிரமம்கூட இல்லை.

அப்பா இறந்து மூன்று வருஷமாகிறது. போன தவக்காலத்தில் அம்மாவைப் பார்க்கப் போனபோது, இனியும் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

"அன்னைக்கி புக் இருந்துச்சும்மா. ரெண்டு பேரும் படிச்சிக்கிட்டுத்தான் இருந்தாங்க. நான் பாத்தேன்."

அம்மா கோபப்படவில்லை. எழுந்துபோய் ஜெபப் புத்தகத்தை எடுத்து வந்து, அதற்குள் நான்காக மடித்திருந்த காகிதங்களைப் பிரித்தாள். கோப்பிக் கறை படிந்த பக்கங்கள்.

"குப்பையில போட்டேன்னு சொன்னீங்களே?"

"அவரு ஏதாச்சும் எழுதியிருப்பாரு, கோடு போட்டிருப்பாருன்னு எத்தன தடவ படிச்சிட்டேன் தெரியுமா? ஒண்ணும் இல்ல. மனுஷனச் சும்மா சந்தேகப்பட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

எனக்கோ முப்பது வருஷக் கேள்வி ஒன்று இருந்ததே. "கடைசியில அந்தக் கிராணி என்னதான்மா எழுதுறான்?"

"அவன் பேரத்தான். தன்னையே எழுதிக் குடுத்துட்டு உக்காந்திருக்கான், பைத்தியக்காரன்."

அம்மா சொன்னதை நான் அப்படியே நம்பிவிடவில்லை. அவள் வயிற்றில் பிறந்தவள்தானே நான். பக்கங்களை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்த்தேன். அவன் பேர்தான் எழுதியிருந்தது.