எது முதலில் வருகிறதோ அது

காரை எப்போது சர்வீஸுக்கு விடுவது என்பதில் எனக்கும் டீலருக்கும் ஓயாத சண்டை. தயாரித்த கம்பெனியின் புத்தகத்தில் கிலோமீட்டர் ஒரு கணக்கு, ஓராண்டு இன்னொரு கணக்கு. எது முதலில் வருகிறதோ அது. டீலர் இரண்டையும் பாதியாக்கிவிடுவார். கேட்டால் பம்பாய் டிராஃபிக், கடல்காற்று, மழைத்தண்ணீர் என்று அடுக்குவார். என் தலையில் மிளகாய் அரைக்க மழைத்தண்ணீர் வேறு வேண்டுமா என்று போனில் கத்துவேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார். புத்தகத்தில் சொன்னதற்கு மேல் ஒரு சொட்டு ஆயில் மாற்றக்கூடாது என்பது அவர் கட்சி.

அவருக்கு மறதி நோய் என்று சொன்ன டாக்டர், இனி கார் ஓட்டவே கூடாது என்றும் சொன்னார். பிரேக் எது என்பதே ஒருநாள் மறந்துபோகலாம், ரோட்டில் யார் உயிராவது போகும் என்றார். வீட்டுக்கு வந்ததும் அவரே சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். அதன் பிறகு செம்பூரில் எங்கள் கட்டடத்தின் பேஸ்மென்டில் உறையைப் போர்த்திக்கொண்டு கார் சும்மா நின்றது. சனிக்கிழமைகளில் காய்கறி வாங்க மாட்டுங்காவுக்கு நான் எடுப்பேன். ஆபீசுக்கு லோக்கல் டிரெயின். ஆகவே எங்கள் விஷயத்தில் கிலோமீட்டர் முந்த வழியே கிடையாது.

அக்டோபர் வெயில் கொளுத்திய ஒரு நாள், டீலரிடமிருந்து ஒரு பெண் ஆபீசுக்கே போன் செய்தாள். "மேடம், சர்வீஸ் டியூ ஹோ கயா." சர்வீஸ் கெடு வந்துவிட்டதாம். மாதக் கணக்கு இன்னும் வரவில்லையாம், கிலோமீட்டர் வந்துவிட்டதாம். காருக்குள் இருக்கும் சிம் அவர்களுக்குச் சொல்லிவிடுமாம். நின்ற இடத்திலேயே ஓடுகிற காரா விற்றீர்கள் என்று கேட்டு போனை வைத்தேன்.

மீட்டரைப் படம்பிடித்து அவர்கள் முகத்தில் வீச வேண்டும் என்று, சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து நேராக பேஸ்மென்டுக்குப் போனேன். உறையை நீக்க பானெட்டில் கை வைத்தேன். சூடாக இருந்தது. அங்கே வெயில் எட்டிப்பார்த்ததே இல்லை.

மீட்டர் அந்தப் பெண் சொன்னதையே சொன்னது. பின் சீட்டில் கருநீலமாக ஒரு கறை, தொட்டால் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தேன். காலா கட்டா. ஐஸைச் சீவிக் குச்சியில் உருண்டையாகப் பிடித்து விற்பார்களே ஐஸ் கோலா, அதன் மேல் ஊற்றும் நாவல்பழ சர்பத். எங்கள் வீட்டில் அதற்கு இடமே கிடையாது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே தெரு ஐஸ் கூடாது என்று தடை போட்டவள் நான். அவள் இப்போது புனேயில் குடும்பத்தோடு இருக்கிறாள்.

மேலே போய் அவரிடம் கேட்டேன். "காரை எடுத்தேளா?"

"நானா? சாவிதான் ஓங்கிட்ட இருக்கே?"

அவர் முகத்தில் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு பயமாக இருந்தது, வேறென்ன சொல்ல.

மறுநாள் அவரிடம் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு, பேஸ்மென்டில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். மத்தியானம் லிஃப்ட் திறந்தது. இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. உறையைக் கழற்றி அழகாக மடித்து வைத்தார். சட்டைப்பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தார். அப்படி ஒன்று இருந்ததையே நான் மறந்திருந்தேன். அவர் காரைக் கிளப்பியதும் சாவியைப் பிடுங்க ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தார். எட்டி இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். ஏன் ஏறி உட்கார்ந்தேன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஒரு தப்பு செய்யவில்லை. சிக்னலில் நின்றார், திரும்புவதற்கு விளக்குப் போட்டார். வழியெல்லாம் ஹேண்ட்பிரேக்கிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. மாட்டுங்காவில், மகள் படித்த பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினார். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். ஒரு குழந்தை பையோடு ஏறி உட்கார எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார்.

"கதவுல கை வெச்சுக்காதே," என்று சொல்லிவிட்டுச் சாத்தினார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க தைரியமில்லை.

தெருமுனையில் காரை நிறுத்தியதும் கோலா வண்டிக்காரன் கேட்காமலே இரண்டைக் கொண்டுவந்து நீட்டினான். எஞ்சினை அணைத்துவிட்டு, அவர் ஒன்றைப் பின்பக்கம் நீட்டினார், பிடியை விட்டார். ஐஸ் சீட்டில் விழுந்த சத்தம் கேட்டது.

"அம்மாட்ட சொல்லப்படாது, என்ன?"

கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார். அவர் கையிலிருந்த கோலா கரைந்து மணிக்கட்டில் வழிந்தது. பதில் வராமல் அவர் அசையப் போவதில்லை என்று தெரிந்தது.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை ஒருமையில் பேசியதில்லை. மகள்தான் பேசுவாள்.

"சொல்லலைப்பா," என்றேன். "இன்னிக்கு நான் ஓட்டறேன். சாவியைக் குடுப்பா."

முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் திரும்பினார். சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"மெதுவாவே போ," என்றார். "அம்மா ஆபீஸ்லேர்ந்து வர எப்பவும் லேட்டாகும்."