ஒரு செட் பல், இரண்டு வாய்

அரசாங்க ஆஸ்பத்திரியில் என் பற்களை ஒவ்வொன்றாக இலவசமாகப் பிடுங்கினார்கள். பிடுங்குவதற்குக் காசில்லை என்ற உற்சாகத்தில், கடைசி மூன்றையும் ஒரே மாதத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். செட் கட்டுவதற்குத் தனியார் டாக்டரிடம் போகவேண்டும், அதற்கு நிறையச் செலவாகும் என்பதெல்லாம் வாய் காலியான பிறகுதான் உறைத்தது. அறுபத்தேழு வயதில் அவ்வளவுதான் என் யோசனை.

மனைவியின் வாயும் அதே நிலைமையில்தான் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அவள் வளர்த்த கன்றை விற்றபோது கைக்கு வந்த பணம் ஒரு செட்டுக்குத்தான் காணும்.

"நீங்கதான் நாலு பேருக்கு முன்னால பேசுறவரு. நீங்க கட்டிக்கிங்க" என்றாள்.

பேசுகிறவர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடித்து, காணாமல் போன குடை, செருப்பு பற்றி அறிவிக்கிறவன் நான். மரியாதைக்கு ஒரு தடவை மறுத்தேன். அவள் மறுபடி சொல்வதற்குள் சட்டையை மாட்டிவிட்டேன்.

பதுளையில் பல் டாக்டர் ஓர் இளம் பெண். செட்டைப் பொருத்திவிட்டு ஏதோ நிறையச் சொன்னார். நான் கண்ணாடியில் என் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் காதில் விழவில்லை.

இரண்டாம் நாளே கீழ் ஈறு புண்ணாகிவிட்டது. திரும்பிப் போனால் இன்னொரு தடவை காசு கேட்பார்களே என்று பயம். அதனால் செட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆளைக் கண்டால் மாட்டுவேன், ஆள் போனதும் கழற்றுவேன். வீட்டில் ரொட்டியைத் தேத்தண்ணீரில் நனைத்தே விழுங்கினேன். இப்படியே மூன்று மாதம் ஓடியது.

திருவிழா வந்தது. மைக்கில் "பக்தர்களே" என்றேன். 'டக்' என்றொரு சத்தம் மலை முழுக்கக் கேட்டது. அதன்பிறகு சொல்லுக்கொரு டக். ஸ்பீக்கர்காரர் ஓடிவந்து மைக்கை மாற்றினார். பிறகு வயரை மாற்றினார்.

"எங்கயோ லூஸ் இருக்குங்க" என்று அவர் தலையைச் சொறிய, நானும் பக்கத்தில் நின்று வயரைச் சந்தேகமாகப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "எத்தன நாளா வலிக்குது?"

"வலியா? எனக்கா?"

"ரொட்டிய நனைச்சுத் திங்கவா என் கன்னுக்குட்டிய வித்தோம்? காலையில கெளம்புங்க, நானும் வாறேன்."

டாக்டர் ஐந்தே நிமிடத்தில் செட்டை ராவிக் கொடுத்தார். வலி போன இடம் தெரியவில்லை. காசை நீட்டினேன்.

"இதுக்குக் காசில்ல ஐயா. வலிச்சா ஒடனே வாங்கன்னு அன்னைக்கே சொன்னேனே."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தேன்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க கட்டலையா?"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "எனக்குப் பழகிப்போச்சுங்க" என்றாள்.

பஸ் நிலையத்தில் கச்சான் கடலை வாங்கினேன். வெகுநாள் ஆசை. நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டே, டாக்டரின் கைராசி பற்றி வாய் ஓயாமல் பேசினேன். பஸ் புறப்பட்ட பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். அவள் ஒரே ஒரு கச்சானைக் கன்னத்தில் ஒதுக்கி, அது மெத்தென்று ஆவதற்காகக் காத்திருந்தாள்.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க? பேசுங்க" என்றாள்.

நான் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். தோட்டத்தில் இறங்கும்வரை அவள் அந்த ஒன்றைத்தான் சப்பிக்கொண்டு வந்தாள்.