மீனை முதல்ல போடுங்கோ

உப்புவெளிக் கடற்கரையில் ஐந்து அறைகளோடு ஒரு விடுதி நடத்திய அன்ரிக்கு நான்தான் இணையத்தளம் செய்துகொடுத்தேன். அவர் எனக்கு உறவில்லை. டவுனில் நான் கணினி படிப்பித்துக்கொண்டிருந்த கடைக்கு ஒருநாள் குடையோடு வந்து, "பிள்ளை, என்ர வீட்டையும் அதுக்குள்ள போட்டுவிடுங்கோவன்" என்று கேட்டவர். அது சமாதான காலம். வெள்ளைக்காரர்கள் அறை கிடைக்காமல் வாசலில் நின்றார்கள். நான் தளத்தைச் செய்து முடிக்கவும் சண்டை திரும்பத் தொடங்கவும் சரியாக இருந்தது. என் ராசி அப்படி.

அறைகள் காலியாகின. லண்டனில் இருந்த ஒரே மகன், "பொங்கலுக்குள்ள ஒரு ஆளும் வரேல்லையெண்டால் வீட்டைப் பூட்டிப்போட்டு வாங்கோ, அம்மா" என்று சொல்லிவிட்டார். அன்ரியும் ஓம் என்றார். சொல்லிவிட்டு என் கடைக்கு வந்து கதிரையில் இருந்து அழுதார். "அவர் செத்தாப் பிறகு நான் தனியக் கட்டின வீடு. லண்டனில நான் ஆருக்குச் சமைக்கிறது?" எனக்கு மனம் பொறுக்கவில்லை. அந்தத் தளத்துக்கு ஆட்களை வரப்பண்ணியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

அந்த நாட்களில்தான் செய்தியோடை பற்றி வாசித்திருந்தேன். ஆர்.எஸ்.எஸ். என்றும் சொல்வார்கள். ஒருவர் ஒருமுறை நம்முடைய ஓடையில் சேர்ந்துவிட்டால், நாம் புதிதாக எழுதுவதெல்லாம் அவர் தேடாமலே அவருடைய கணினிக்குப் போய்ச் சேரும். அதைப் பார்த்துவிட்டுத் தளத்துக்கு வருவார். தமிழ் ஓடைகளையெல்லாம் ஒரே பக்கத்தில் காட்டும் திரட்டிகளும் அப்போது வந்திருந்தன. அவற்றிலும் சேர்த்துவிட்டேன். ஆனால் நாளாந்தம் எழுத வேண்டும். சண்டை நடக்கும் ஊரில் ஒரு விடுதி நாளாந்தம் எதை எழுதுவது? ஆமி, நேவி என்று ஒரு சொல்லும் வரக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். பயம்தான், வேறென்ன.

"அப்ப சமையலை எழுதுவம்" என்றார் அன்ரி.

ஆளில்லாத வீட்டில் தனக்கும் பூனைக்கும் சமைத்ததை அவர் மத்தியானம் தொலைபேசியில் சொல்வார். நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டி ஏற்றுவேன். அதில் ஒரு தந்திரமும் செய்தேன். ஓடையில் முதல் சில சொற்கள் மட்டும் போகும்படி வெட்டிவிட்டேன். "சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல்..." என்று நிற்கும். மிச்சத்தை அறியத் தளத்துக்கு வரத்தான் வேண்டும். வந்தார்கள். ரொறன்ரோ, ஒஸ்லோ, பாரிஸ் என்று ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போனார்கள். நான் தலைகால் தெரியாமல் துள்ளினேன்.

"இவ்வளவு பேரும் எங்க பிள்ளை படுக்கினம்?" என்று கேட்டார் அன்ரி. "நான் ஒரு கட்டிலும் விரிக்கேல்லையே."

ஐப்பசி மழைக்குள் நோர்வேயிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "தங்கச்சி, சோறும் பருப்பும் எண்டு தெரியும். மீனா கருவாடா எண்டதை முதல்ல போடுங்கோ. வேலையிடத்தில ஓடையை மட்டும்தான் பாக்கலாம். தளத்தைத் திறக்க ஏலாது." நல்ல சாப்பாட்டு ராமன் என்று திட்டிக்கொண்டே அதை அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"மீன் எண்டால் வள்ளங்கள் கடலுக்குப் போயிருக்கு. கருவாடு எண்டால் போக விடேல்ல. அவர் சாப்பாட்டையா பாக்கிறார், பிள்ளை? ஊர் எப்பிடி எண்டு பாக்கிறார்."

நான் பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்தேன். கடைகள் பூட்டி, அன்ரி சோறும் சம்பலும் மட்டும் வைத்த நாட்களில்தான் ஆட்கள் மிகக் கூடுதலாக வந்திருந்தார்கள். துள்ளினேனே, அது அந்த நாட்களுக்காகவும்தான்.

அன்ரி மீனை முதலில் போடச் சொன்னார். நான் வாதாடினேன். "எல்லாத்தையும் ஓடையிலேயே குடுத்தால் தளத்துக்கு ஒருத்தரும் வரமாட்டினம். பொங்கல் வருகுது, அன்ரி."

"வராட்டிப் போகட்டும். பெத்தவையை இங்க விட்டிட்டு இருக்கிற சனத்தை வாசல்ல நிக்கவைக்க ஏலாது."

கேட்டபடி செய்தேன். நான் சொன்னது போலவே எண்ணிக்கை விழுந்தது. கார்த்திகை முழுக்க நான் அன்ரியோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

அதே நோர்வேக்காரர்தான் பிறகு விடுதிக்குத் தொலைபேசி எடுத்தார். அவருடைய தாய் தகப்பன் சண்டையில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் டவுனில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தார்கள். தாய்க்கு நிலத்தில் இருந்து எழும்ப ஏலாது. "உங்களை எனக்குத் தெரியாது, அக்கா. ஆனால் கருவாடு எண்டாலும் மறைக்காமல் எழுதுறனீங்கள். அவையை உங்களிட்ட விடலாமோ?" என்று கேட்டார். அன்று பின்னேரமே அவர்கள் வந்தார்கள். பிறகு ஓடையில் இருந்த மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு மாமியார், ஒரு கர்ப்பிணித் தங்கை, ஒருவருக்குப் படிப்பித்த வாத்தியாரும் மனைவியும் என்று வந்துகொண்டே இருந்தார்கள். ஐந்து அறையும் நிறைந்தது. தளத்தின் எண்ணிக்கை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

பொங்கலன்று நானும் அங்கே போனேன். முற்றத்தில் வாத்தியார் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மகனின் அழைப்பு வந்ததும் அன்ரி தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டார். தனியாகக் கேட்கப் பயந்தார் என்று நினைக்கிறேன்.

"ஆக்கள் வந்திருக்கினம், தம்பி" என்றார்.

"தெரியும், அம்மா."

"ஆர் சொன்னது?"

"நேற்றுக் கணவாய் வைச்சனீங்கள். அஞ்சு பெரிய தேங்காய் துருவினதெண்டும் எழுதியிருந்தது. தனி ஆளுக்கு ஆரம்மா அவ்வளவு துருவுறது? ஒவ்வொரு நாளும் காலமை பாத்திட்டுத்தான் வேலைக்கு வெளிக்கிடுறனான். பாக்காட்டி ஏலாது. பூட்டச் சொன்னதை விடுங்கோ."

அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு தொலைபேசியை என் கையில் திணித்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

"அம்மா அழுறாவோ?" என்று என்னிடம் கேட்டார் மகன்.

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் தொலைபேசியைக் குசினி வாசலில் கொண்டுபோய்ப் பிடித்தேன்.