வெட்டு சாரின் பட்டியல்

மணி நாலானதும் வெட்டு சார் பென்சிலைச் சீவிக்கொண்டு, சாயங்காலம் தேவைப்பட்டால் எந்தெந்தத் தெருக்களை இருட்டாக்கலாம் என்று பட்டியல் எழுத ஆரம்பித்துவிடுவார். முதல் வரியில் எப்போதும் ஏழாம் பீடர்தான். அவர் வீட்டுக்கு மின்சாரம் போவது அந்தப் பாதையில். "ஊரார் வீட்டை அணைக்கிறதுக்கு முன்னாடி நம்ம வீட்டை அணைச்சிடணும். அப்பதான் நமக்கு மனசு உறுத்தாது" என்பார். மனைவியின் திட்டு அந்தக் கணக்கில் சேராது.

நாட்டு மின்சாரம் முழுவதையும் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தாறு வருடமாக வேலை. சுவரில் பெரிய திரை, அதன் நடுவே மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் காட்டும் ஓர் எண். அது ஐம்பதிலேயே நிற்க வேண்டும். கரண்ட் பற்றாமல் போனால் சரியும்; சரிந்தால் ஆபத்து. சரிகிறபோது மனிதர் நாற்காலியில் உட்காரவே மாட்டார். "எறங்காதடா கண்ணு, எறங்காத" என்று திரையைக் கெஞ்சுவார். டீ ஆறி ஏடு கட்டிக் கிடக்கும்.

சிரிப்பு வரும்தான். ஆனால் பதினொரு வருடத்துக்கு முன், பக்கத்து நாட்டிலிருந்து கரண்ட் வரும் லைன் திடீரென்று செத்தபோது, மேலதிகாரியைக் கேட்டுக்கொண்டு வெட்டலாம் என்று இவர் ஒரே ஒரு நிமிடம் தயங்கினார். நாடு முழுக்க ஒரு நாள் இருண்டு கிடந்தது. அதிலிருந்து முதலில் வெட்டு, கேள்வியெல்லாம் பிறகு; பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

இப்போது மலைமேல் காற்றாலைகள், உப்பளத்தை ஒட்டி சோலார் தகடுகள், பகலில் மிஞ்சுவதைச் சேர்த்துவைக்கக் கொட்டகை கொட்டகையாக பேட்டரிகள். இவற்றைக் கவனிக்கிற பெண் என்ஜினீயர் அடுத்த மேசையில். "இனிமே நாம யார்கிட்டயும் கை நீட்ட வேணாம் சார்" என்று அவர் சொன்னால் வெட்டு சாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பேட்டரிய நம்பி நாட்டை விடுறதுக்கு இது என்ன டார்ச் லைட்டாம்மா?"

போன செவ்வாய்க்கிழமை மாலை ஆறு நாற்பது. வெயில் போய்விட்டது. வீட்டுக்கு வீடு விளக்குப் போடுகிற நேரம். பக்கத்து நாட்டு லைன் ஒரே நொடியில் பூஜ்யம். அறுநூறு மெகாவாட் காணோம். வெட்டு சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பட்டியலைக்கூடப் பார்க்காமல் போனை எடுத்தார். "ஏழு, வெட்டு. பன்னெண்டு, வெட்டு. பத்தொம்பது, வெட்டு..."

"சார், நிறுத்துங்க! ஸ்கிரீனைப் பாருங்க!" என்றார் என்ஜினீயர்.

பார்த்தார். ஐம்பது. லேசாகச் சரிந்த எண், அவர் போனை எடுப்பதற்குள்ளேயே நிமிர்ந்துவிட்டிருந்தது.

"பேட்டரி தாங்கிடுச்சு சார். மலையில காத்தும் அடிக்குது. விடியிற வரைக்கும் கவலையில்ல."

"மீட்டர் கெட்டுப்போயிருக்கும்மா."

இன்னொரு திரைக்கு ஓடினார். அங்கேயும் ஐம்பது. நாட்டில் எல்லா விளக்கும் எரிகிறது. இருட்டு, இவர் வெட்டிய மூன்று பாதைகளில் மட்டும்.

மனைவி போனில் கூப்பிட்டார். "என்னங்க, பத்தலையா கரண்டு?"

"பத்துது."

"அப்புறம் எதுக்கு அணைச்சீங்க?"

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று பாதைகளையும் திரும்பப் போடச் சொன்னது என்ஜினீயர்தான்.

ஏழேகாலுக்கு நேரடி போனில் பக்கத்து நாட்டு அதிகாரி. இருபத்தாறு வருடமாக இவர் தினமும் கரண்ட் கேட்பார், அவர் பார்த்துத் தருவார். "மன்னிச்சுக்குங்கண்ணே, நம்ம பக்கத்துல கோளாறு. இப்ப லைன் ரெடி. எவ்வளவு அனுப்பட்டும்?"

"அறுநூ..." என்று ஆரம்பித்த வெட்டு சார் திரையில் ஐம்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

வெட்டு சார் ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அடுத்த மேசைப் பக்கம் சாய்ந்தார்.

"என்னம்மா சொல்லணும்?"