சாமி அலுமாரியில் ஒரு துவக்கு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு விஜயதசமி காலையில், எங்கள் வீட்டுச் சாமி அலுமாரியில் சரஸ்வதியின் காலடியில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டும் வைத்திருந்தது. ஒரு பக்கம் என்னுடைய கணக்குப் புத்தகம், மறுபக்கம் அம்மாவின் தையல் கத்தரிக்கோல், அதற்கும் அப்பால் அப்பாவின் கார்ச் சாவி. பூசையில் வைத்த சாவியை எடுக்கக் கூடாது என்று அப்பா அன்று விடியவே டிராமில் வேலைக்குப் போய்விட்டார். அவ்வளவு ஒழுங்காகச் சாமி கும்பிடுகிற வீடு எங்களுடையது.

அதை முதலில் கண்டது அம்மாதான். பட்டுத் துணியால் மூடியிருந்த பொருளுக்கும் ஒரு பூ வைப்போம் என்று துணியைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. நான் பக்கத்தில் மணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படத்திலும் தொலைக்காட்சியிலும் பார்த்த ஒரு சாமான் எங்கள் வீட்டில், அதுவும் என் கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அம்மாவின் முகம் வெளிறிப் போயிருந்தது. கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் துணியைப் பழையபடி போட்டு மூடினார்.

அதை அங்கே வைத்தவர் என் மாமா என்பதில் சந்தேகமில்லை. மாமா அம்மாவின் தம்பி. கல்யாணமாகாதவர், எங்களோடுதான் இருந்தார். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை. வழக்கமாக ஆயுத பூசைக்குத் தன்னுடைய அளவுகோலை வைப்பார். அவருடைய அறைச் சுவரில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று இறுக்கிப் பூட்டியிருந்தது. தம்பி கல்யாணத்துக்கு நகை சேர்க்கிறான் என்று அம்மா தானாகவே முடிவு செய்து, கனடாவரைக்கும் அந்தச் செய்தியைப் பரப்பியிருந்தார். சனிக்கிழமைகளில் மாமா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, "கிளப்புக்குப் போட்டு வாறன் அக்கா" என்று புறப்படுவார். கிளப் என்றால் அம்மாவுக்குப் பட்மின்டன்தான். மாமா திருத்தவுமில்லை, அம்மா கேட்கவுமில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு நானே அந்தக் கிளப்பைப் போய்ப் பார்த்தேன். ஏதோ பயங்கரமான இடம் என்று நினைத்துப் போனவளுக்குப் பெரிய ஏமாற்றம். ஒரு காற்பந்து மைதானத்துக்குப் பின்னால் தாழ்ந்த கட்டடம். உள்ளே நீளமான அறை, தடுப்புத் தடுப்பாகப் பிரித்த மேசைகள், மறுமுனையில் வட்டம் போட்ட கடதாசி அட்டைகள். காதில் பெரிய மூடிகளை மாட்டிக்கொண்டு வயதான மனிதர்கள் ஒற்றைக் கையில் துப்பாக்கியை நீட்டி, மூச்சைப் பிடித்து, ஒரு வெடி வைப்பார்கள். பிறகு பொத்தானை அழுத்தினால் அட்டை கம்பியில் ஓடி வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓட்டையைப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போய்க் கேக் சாப்பிடுவார்கள். மாமாவை அங்கே முதலில் கூட்டிப்போனது அவருடைய மேலாளர். ஒரு வருடம் ஒழுங்காகப் போய்ப் பழகி, பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, சட்டம் சொன்னபடி பெட்டியும் வாங்கித்தான் மாமா சொந்தத் துப்பாக்கி வைத்திருந்தார். அடுத்த கிழமை அவருக்குப் போட்டி இருந்ததாம். அதற்குத்தான் சரஸ்வதியின் ஆசீர்வாதம் தேவைப்பட்டிருக்கிறது. குண்டுகளைப் பெட்டிக்குள்ளே பூட்டிவிட்டு, வெறும் துப்பாக்கியைச் சாமிக்கு முன்னால் வைத்து மூடிவிட்டு, குளிக்காமல் பூசைக்கு நிற்கக் கூடாதே என்று குளிக்கப் போயிருந்தார்.

இதில் ஒன்றுமே அன்று எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

நான்தான் ஓடிப்போய்த் திறந்தேன். ஜெர்மன் பேசுகிற வேலையெல்லாம் அந்த வீட்டில் என்னுடையது, அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வாசலில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நின்றார்கள். சீருடை இல்லை. கழுத்தில் தொங்கிய அரசாங்க அடையாள அட்டையைக் காட்டி, காலை வணக்கம் சொல்லி, மாமாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். ஆயுதம் சரியான முறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார்களாம். உள்ளே வரலாமா என்றும் கேட்டார்கள்.

நான் திரும்பி அறைக்குள்ளே பார்த்துக் கத்தினேன்.

"அம்மா, துவக்குப் பாக்க வந்திருக்கினம்!"

"டெர்மின் வைச்சிட்டே வந்தவை?" என்று அம்மாவின் குரல் வந்தது. அது அம்மாவின் வழக்கமான குரலாக இல்லை.

கேட்டேன். இல்லை, முன்னறிவிப்பில்லாமல்தான் வருவோம் என்று அந்தப் பெண் சிரித்தபடி சொன்னார். அதையும் அப்படியே தமிழாக்கினேன். இந்த நாட்டில் பல்லுப் பிடுங்குவதற்குக்கூட டெர்மின், அதாவது முன்கூட்டியே குறித்த நேரம், வேண்டும். டெர்மின் இல்லாமல் வீட்டுக்கு வந்து துவக்கைக் கேட்கிறவர்கள் யார் என்பது அம்மாவுக்கு ஒரு விதமாகத்தான் தெரிந்திருக்கிறது.

"மாமா குளிக்கிறார், நிக்கச் சொல்லு" என்றார்.

வந்தவர்கள் மரியாதையாக வாசலிலேயே நின்றார்கள். நான் நின்ற இடத்திலிருந்து அறையும் தெரிந்தது, குசினியும் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா துணிக்குக் கீழே கையை விட்டுத் துப்பாக்கியை எடுத்தார். சற்று முன்னர் பயத்தில் உறைந்து நின்ற கை அது. சேலைத் தலைப்பால் சந்தனத்தை ஒரு துடை துடைத்தார். குசினிக்குப் போய், அரிசி வைத்திருந்த நீல வாளியைத் திறந்து, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டார். கை வெறுமையாக வெளியே வந்தது. அரிசியின் மேற்பரப்பைத் தட்டி மட்டமாக்கி, அளக்கிற சுண்டுப் பேணியை அதன்மேல் வைத்து, மூடியைப் போட்டு, கீழே உட்கார்ந்து தேங்காய் துருவத் தொடங்கினார். எல்லாம் மாமா குளியலறைக் கதவைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவே பயப்படுகிற என் அம்மாவா இது?

மாமா சாரத்தோடும் ஈரத் தலையோடும் வந்தார். வந்தவர்களைக் கண்டதும் ஒரு கணம் திகைத்தாலும், சட்டென்று ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, வாருங்கள் வாருங்கள் என்று அழைத்துப் போனார். இரும்புப் பெட்டியைத் திறந்தார். குண்டுகள் இருந்தன, துப்பாக்கி இல்லை. அவர் அசடு வழியச் சிரித்தார். எங்கள் சமயத்தில் இன்று ஒரு விசேஷம், தொழிற்கருவிகளைச் சாமிக்கு முன்னால் வைப்போம், தான் குளிக்கப் போனது பிழைதான் என்று விளக்கியபடி அவர்களைச் சாமி அலுமாரிக்குக் கூட்டிவந்து, பட்டுத் துணியைத் தூக்கினார்.

கீழே கொஞ்சம் சந்தனம் மட்டும் ஒட்டிக்கிடந்தது.

மாமாவின் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் மறக்க முடியாது. அந்த ஆணின் சிரிப்பும் நின்றது. துப்பாக்கி எங்கே என்று அவர் கேட்டார். மாமா குசினிப் பக்கம் திரும்பினார்.

"அக்கா," என்றார், "இதுக்குள்ள இருந்ததை எடுத்தனீங்களே?"

அம்மா குசினியிலிருந்து எழுந்து வந்தார். கையெல்லாம் தேங்காய்ப் பூ. மாமாவைப் பார்க்காமல், அந்த அதிகாரியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நே, மாத்தயா. நே, நே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ஜெர்மனும் இல்லை, தமிழும் இல்லை. ஏதோ மந்திரம் சொல்கிறார், அம்மாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். இல்லை ஐயா, இல்லை என்று, இலங்கையில் வீட்டுக்குத் துவக்குத் தேடி வந்த ராணுவத்தினரிடம் சொன்ன அதே சிங்களத்தில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது நான் வளர்ந்த பிறகுதான் தெரியும். அதிகாரிகள் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க வேண்டிய நான் முழித்தேன்.

துப்பாக்கி ஒன்று காணாமல் போவது மிகப் பாரதூரமான விஷயம், இப்போதே கிடைக்காவிட்டால் பொலிஸை அழைக்க வேண்டியிருக்கும் என்று அந்த ஆண் சொல்லித் தொலைபேசியை வெளியே எடுத்தார். பொலிஸ் என்ற சொல் அம்மாவுக்கு விளங்கியது. விளங்கியதும் அவர் செய்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் அதிகாரியின் முன்னால் தொப்பென்று விழுந்து, அவருடைய சப்பாத்து இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் பதறிப்போய்ப் பின்னால் நகரப் பார்த்தார், முடியவில்லை. எழும்புங்கள் எழும்புங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் அம்மா, யாரோ ஒரு ஜீன்ஸ் போட்ட பெண்ணின் காலில் கிடக்கிறார். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பிள்ளை, சொல்லு இவைக்கு," என்று அம்மா கீழே கிடந்தபடியே என்னைப் பார்த்தார். "துவக்கு என்ர எண்டு சொல்லு. தம்பிக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லு. என்னைக் கொண்டு போகட்டும்."

"அம்மா, எழும்புங்கோ!"

"சொல்லடி!"

என் ஜெர்மன் முழுவதும் அந்த இடத்தில் எங்கேயோ ஓடி ஒளிந்துவிட்டது. வகுப்பிலே முதலாவதாகக் கையைத் தூக்குகிற எனக்கு ஒரு சொல்கூட வரவில்லை.

மாமாதான் அசைந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் குந்தி, சப்பாத்திலிருந்து அவருடைய கைகளை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ. இவை ஆமிக்காரர் இல்லை. எனக்கு லைசென்ஸ் இருக்கு. பெட்டிக்குள்ள இருக்கோ எண்டு பாக்கத்தான் வந்தவை."

"துவக்கு என்னத்துக்கடா உனக்கு? ஆரைச் சுடப் போறாய்?"

"கடதாசிக்குத்தான் அக்கா சுடுறது."

"கடதாசிக்கோ?"

"ஓம். வட்டம் கீறின கடதாசி. எல்லாரும் அதுக்குத்தான் சுடுறவை."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கடதாசியைச் சுடுவதற்காக ஒருவன் துவக்கு வாங்குவான் என்பது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. ஆனால் மாமா அவருடைய கையை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கண் தன்னையறியாமல் குசினிப் பக்கம் போனது. மாமா அந்தக் கண் போன வழியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், வாளியைத் திறந்து துழாவினார்.

துப்பாக்கி அரிசியோடு வந்தது. அந்தப் பெண் அதைக் கவனமாக வாங்கித் தலைகீழாகப் பிடித்தபோது, பிடியின் உள்ளேயிருந்து அரிசி பொலபொலவென்று நிலத்தில் கொட்டியது. அவர் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை. துப்பாக்கியையும் குண்டுகளையும் பையில் போட்டார்கள். பெட்டிக்கு வெளியே வைத்ததும், இன்னொருவர் கையில் அகப்பட்டதும் பெரிய தவறு, லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று அந்த ஆண் சொன்னார். மாமா ஒத்துக்கொண்டார். கையொப்பம் வைத்தார். போகும்போது அவர்கள் இந்த நாட்டு வழக்கப்படி, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டும் போனார்கள்.

அம்மா பல்கனிக்கு ஓடினார். கீழே அவர்கள் காரில் ஏறுவதையும், கார் திரும்பித் தெருமுனையில் மறைவதையும் எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து மாமாவின் தலை, தோள், கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். பார்த்து முடித்ததும் முதுகில் பலமாக ஒன்று போட்டார்.

"விட்டிட்டுப் போட்டாங்கள்," என்றார். "துவக்கைக் கொண்டு போட்டாங்கள், உன்னை விட்டிட்டாங்கள்."

மாமா கதிரையில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறையும் வீடுமாக இருந்த மனிதனுக்கு இருந்த ஒரேயொரு ஆசை பைக்குள் போய்விட்டது. போட்டியும் போயிற்று, சனிக்கிழமையும் போயிற்று. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மாவோ பாதியில் நின்ற பூசையை முடித்து, பெரிய பானையை அடுப்பில் ஏற்றிச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். கஜுவும் முந்திரிகைவற்றலும் அள்ளி அள்ளிப் போட்டார். என் பிறந்தநாளுக்குக்கூட அப்படிப் போட்டதில்லை. ஒருவருடைய சாமான் பறிபோன நாளில் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிற அக்காவும் ஓர் அக்காவா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. காலையில் கண்ட துப்பாக்கியைவிட அதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

பொங்கலைத் தட்டுகளில் போட்டு, கட்டடம் முழுவதும் கொடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கீழ்மாடியில் ஒரு துருக்கிக்கார அம்மா இருந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்த ஜெர்மன் ஒரு கைப்பிடியளவுதான். ஆனாலும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அவர் தட்டை வாங்கிக்கொண்டு, என்ன விசேஷம் என்று கண்ணாலேயே கேட்டார்.

அம்மா இரண்டு விரல்களைக் காட்டி, "தம்பிமார்" என்று ஜெர்மனில் சொன்னார். பிறகு ஒரு விரலை மடக்கினார். மிச்சமாக நின்ற விரலால் மேலே, எங்கள் வீட்டுப் பக்கம் காட்டிச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் துருக்கிக்கார அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு இருப்பது ஒரேயொரு மாமா. அம்மாவுக்கு இரண்டு தம்பிமார் எங்கேயிருந்து வந்தார்கள்? சந்தோஷம் தலைக்கேறி உளறுகிறார் என்று நினைத்து, அவருடைய சேலையைப் பிடித்து இழுத்து, "ஒண்டுதான் அம்மா, வடிவாச் சொல்லுங்கோ" என்று திருத்தினேன்.